பகலிலும் ட்யூப்லைட், எங்கே பார்த்தாலும் சாமான்: மனச்சோர்வுக்கு வீடும் காரணமா?

கீழ்வீட்டுக்காரி:
சென்னையில் ஒரு அபார்ட்மென்ட், தரைத்தளம், வாடகை. பக்கத்துக் கட்டடச் சுவர் கை நீட்டினால் எட்டும், அதனால் காலை பத்து மணிக்கே ஹாலில் லைட் போட வேண்டும். எனக்கு வேலையும் வீட்டிலிருந்துதான். அத்தை எதையும் தூக்கிப் போட விடமாட்டார். பார்சல் டப்பா, தாம்பூலப் பை, ஓடாத மிக்ஸி என்று எல்லாம் சேர்ந்து இப்போது டைனிங் டேபிளையும் பிடித்துவிட்டது. சாயங்காலமானால் காரணமே இல்லாமல் எரிச்சல் வருகிறது, ராத்திரி தூக்கமும் சரியில்லை. கணவரிடம் சொன்னால், "எனக்கு ஒன்றும் தெரியவில்லையே, எல்லா வீடும் இப்படித்தான்" என்கிறார். நான்தான் பெரிதுபடுத்துகிறேனா? ஓனர் ஆணி அடிக்கவே விடமாட்டார், பெயின்ட் பேச்சே எடுக்க முடியாது.

மொட்டைமாடி:
முதலில் வெளிச்சத்தைக் கவனியுங்கள், சாமான் அப்புறம். பார்ப்பதற்கான செல்கள் போக, இது பகலா இரவா என்று மூளையின் கடிகாரத்துக்குச் சொல்வதற்கென்றே கண்ணில் தனியாகச் சில செல்கள் இருக்கின்றன. அவற்றுக்கு ட்யூப்லைட் போதாது. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள்; சாதாரண வீட்டு அறையில் 200 லக்ஸ் இருந்தாலே அதிகம், வெளியே மேகம் போட்ட பகலில்கூட ஆயிரக்கணக்கில் இருக்கும். நாள் முழுக்க அரையிருட்டு, ராத்திரி படுக்கையில் ஃபோன் வெளிச்சம் என்றால் தூக்கம் கெடாமல் என்ன செய்யும்? காலைக் காபியை மாடிக்கு எடுத்துப் போய்க் குடியுங்கள். அப்புறம் ஜன்னல் கொசுவலை! அதை யாரும் கவனிப்பதே இல்லை. வெல்க்ரோ வலையாக இருந்தால் பிய்த்தெடுத்து சோப்புத் தண்ணீரில் ஊறப்போடுங்கள், வாளியில் இறங்கும் கறுப்பைப் பார்த்தால் இத்தனை நாள் வெளிச்சம் எங்கே போனது என்று தெரிந்துவிடும். பீரோ ஜன்னலை மறைத்து நின்றால் நகர்த்துங்கள், வேலை செய்யும் மேஜையை அந்த இடத்துக்குக் கொண்டுவாருங்கள். இதற்கெல்லாம் ஓனரைக் கேட்க வேண்டியதில்லை.

ரெண்டு பிள்ளைக்காரி:
நீங்கள் ஒன்றும் பெரிதுபடுத்தவில்லை தங்கச்சி. லாஸ் ஏஞ்சல்ஸில் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் குடும்பங்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2010இல் வெளிவந்தது. அவரவர் வீட்டை அவரவரே சுற்றிக்காட்டிப் பேசச் சொன்னார்கள். அலங்கோலம், முடியாத வேலை என்கிற மாதிரிச் சொற்கள் அதிகம் வந்த மனைவிகளுக்கு, பகல் போகப் போக இறங்க வேண்டிய கார்ட்டிசால் என்ற மனஅழுத்த ஹார்மோன் சரியாக இறங்கவில்லை, மனநிலையும் சாயங்காலத்துக்குள் சோர்ந்துபோனது. கணவன்மாரிடம் அப்படித் தெளிவாகத் தெரியவில்லை. அதனால் உங்கள் வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை, அவர் கண்ணுக்கு அது வெறும் டப்பா, உங்களுக்கு அது செய்யாமல் கிடக்கிற வேலை. சாமானைவிட முதலில் அவரிடம்தான் பேச வேண்டும் என்பேன், டேபிள் அவருடைய பொறுப்பு என்று ஒப்படைத்துவிடுங்கள். அத்தை விஷயத்தில் குப்பை என்ற வார்த்தையே வேண்டாம். "எடைக்குப் போடலாமா, நீங்களே பேரம் பேசுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள்.

மூணாவது மாடி:
வெளிச்சம் வெளிச்சம் என்று எல்லாரும் சொல்கிறீர்கள், மேற்குப் பார்த்த என் வீட்டில் மே மாதம் மூன்று மணிக்கு வந்து உட்கார்ந்து பாருங்கள். இங்கே திரையை இழுத்து மூடினால்தான் நிம்மதி. துடைத்துவைத்த மாதிரி வெள்ளை வெளேரென்று இருக்கும் பத்திரிகை வீட்டைப் பார்த்தாலும் எனக்கு ஆஸ்பத்திரி ஞாபகம்தான் வருகிறது.

உளவியல் மாணவி:
இதைத் திருப்பியும் பார்க்க வேண்டும். வீடு கலைந்திருப்பதால் மனம் சோர்வதும் உண்டு, மனம் சோர்ந்ததால் ஒரு தட்டைக்கூடக் கழுவ முடியாமல் வீடு கலைவதும் உண்டு. மேலே சொன்ன ஆய்வை வைத்து எது முதல் என்று சொல்லிவிட முடியாது. அக்கா, தூக்கமின்மையும் எரிச்சலும் இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் இருந்தால், பிடித்த விஷயத்திலும் மனம் ஒட்டவில்லை என்றால், கொசுவலை கழுவுவதோடு நிறுத்தாமல் ஒரு டாக்டரைப் பாருங்கள். மத்திய அரசின் மனநல உதவி ஃபோன் சேவையான டெலி மானஸ் எண் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

கீழ்வீட்டுக்காரி:
எல்லாருக்கும் நன்றி. எங்கள் வலை வெல்க்ரோதான், ஞாயிற்றுக்கிழமை பிய்க்கிறேன். டெலி மானஸ் எண்ணையும் குறித்துக்கொண்டேன். மிக்ஸியை எடைக்குப் போட அத்தை ஒத்துக்கொண்டுவிட்டார், ஆனால் ஜார் மூன்றும் போகாதாம்.