லண்டன் கோடையில் தராவீஹ்: இரவு சுருங்கிய ஆண்டுகள்

2015-ஆம் ஆண்டின் ரமளான் பிரிட்டனில் ஜூன் 18 அன்று தொடங்கியது. ஆண்டிலேயே பகல் மிக நீண்டிருக்கும் நாள்கள் அவை. லண்டனில் சூரியன் மறைய இரவு 9.20 ஆகும்; மறுநாள் காலை 4.45-க்குள் மீண்டும் உதித்துவிடும். வேலை நிமித்தம் அந்நகரில் குடியேறியிருந்த என்னிடம் எல்லாரும் நோன்பின் நீளத்தைப் பற்றித்தான் எச்சரித்திருந்தார்கள். பதினெட்டு மணி நேரப் பசியும் தாகமும் சில நாள்களிலேயே பழகிவிட்டன. பழகாமல் போனது இரவுதான். நோன்பு திறந்து, அந்தித் தொழுகையான மஃரிபைத் தொழுது, சற்றே சாய்ந்து உட்காருவதற்குள் இரவுத் தொழுகையான இஷாவுக்குக் கிளம்ப வேண்டும். ரமளான் இரவுகளின் சிறப்புத் தொழுகையான தராவீஹ் இருபது ரக்அத்தும் (ரக்அத் என்பது தொழுகையின் ஒரு சுற்று), இரவுத் தொழுகைகளை நிறைவுசெய்யும் வித்ரும் முடிந்து வெளியே வந்தால் நள்ளிரவு கடந்திருக்கும். சுரங்க ரயில் நின்றுவிடும் என்பதால், இரவுப் பேருந்துக்குக் காத்திருந்து வீடு சேரும்போது நோன்புக்கு முந்தைய உணவு நேரமான ஸஹர் முடிய ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே மிச்சமிருக்கும். அதற்குள் படுப்பது ஆபத்து; விடியல் தொழுகையான சுப்ஹு தொழுத பிறகே படுத்து, அரைத் தூக்கத்தோடு அலுவலகம் போவது அந்த மாதத்தின் வழக்கமாயிற்று.

இஷா எப்போது தொடங்குகிறது என்பதே அங்கே தீராத கேள்வி. சூரியன் தொடுவானத்துக்குக் கீழே 18 பாகை இறங்குவதை அளவாகக் கொண்டு பல கால அட்டவணைகள் இஷாவைக் கணக்கிடுகின்றன. லண்டன் ஏறத்தாழ 51.5 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், ஜூன் மாத நள்ளிரவில்கூடச் சூரியன் அங்கே சுமார் 15 பாகைதான் இறங்குகிறது. அந்தக் கணக்கைப் பிடிவாதமாகப் பின்பற்றினால் சில வாரங்களுக்கு இஷா நேரமே வராது. ஆகவே சில பள்ளிவாசல்கள் மறைவுக்கும் உதயத்துக்கும் இடைப்பட்ட இரவை ஏழாகப் பகுத்து, முதல் பாகம் கழிந்ததும் இஷா என்று கொள்கின்றன. வேறு சில, அந்தி முழுமையாக மறையும் அண்மைப் பகுதியின் நேரத்தை எடுத்துக்கொள்கின்றன. வானின் செம்மை மறைந்தால் போதும் என்பவர்கள் உண்டு. வெண்மையும் மறைய வேண்டும் என்ற இமாம் அபூஹனீஃபாவின் கருத்தைப் பற்றி நிற்பவர்களும் உண்டு. மஃரிபோடு இஷாவைச் சேர்த்துத் தொழுதுவிடுகிறவர்களும் உண்டு. இதனால் நடந்துபோகும் தொலைவிலுள்ள இரண்டு பள்ளிவாசல்களில் ஜமாஅத் (கூட்டுத் தொழுகை) நேரங்கள் அரை மணிக்கு மேல் விலகி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். இதற்காகச் சண்டையிடுகிறவர்களைக் கண்டால் எனக்கு அலுப்புத்தான் வரும். எந்தக் கணக்கைக் கைக்கொள்கிறோம் என்பதை அட்டவணையின் அடியில் அச்சிட்டு வைத்த பள்ளிவாசலைத்தான் நான் தேர்ந்துகொண்டேன்.

அங்கே ஓர் இரவுக்கு ஒரு ஜுஸ்உ, அதாவது குர்ஆனின் முப்பதில் ஒரு பாகம், ஓதப்படும். பரவலாகப் புழங்கும் பதினைந்து வரி முஸ்ஹஃபில் (குர்ஆன் பிரதியில்) ஒரு ஜுஸ்உ ஏறத்தாழ இருபது பக்கம். ஆக, ரக்அத்துக்கு ஒரு பக்கம். ஓதியவர் லண்டனிலேயே பிறந்து வளர்ந்த, இருபதைத் தாண்டியிராத, குர்ஆனை மனனம் செய்த ஓர் இளம் ஹாஃபிழ். இரவு குறுகக் குறுக அவருடைய ஓதலின் வேகமும் கூடியது. ஆனால் ஓர் எழுத்தையும் அவர் விழுங்கவில்லை. சுருங்கிப்போனது, நான்கு ரக்அத்துக்கு ஒருமுறை கிடைக்கும் இளைப்பாறல்தான். தண்ணீர்ப் புட்டி ஒரு ஸஃப்பை (தொழுகை வரிசையை) கடப்பதற்குள் அடுத்த தக்பீர் (‘அல்லாஹு அக்பர்’ என்ற முழக்கம்) எழுந்துவிடும். எட்டு ரக்அத் முடிந்ததும் ஒரு கூட்டம் எழுந்து செல்ல, பின்னால் நிற்பவர்கள் ஓசையின்றி முன்னேறி இடைவெளிகளை நிரப்புவார்கள். தராவீஹ் எட்டு ரக்அத்தா, இருபதா என்ற வழக்கை இங்கே கிளற எனக்கு விருப்பமில்லை. மக்காவிலும் மதீனாவிலுமே 2020-இல் பெருந்தொற்றின்போது தராவீஹ் பத்து ரக்அத்தாகக் குறைக்கப்பட்டு, பின்னர் அதுவே தொடர்கிறது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

இஸ்லாமியச் சட்ட வழிகளான மத்ஹபுகளில் நான் ஷாஃபிஈயில் வளர்ந்தவன், பள்ளிவாசலோ இமாம் அபூஹனீஃபாவைப் பின்பற்றும் ஹனஃபி. பதினேழாம் இரவு அல்ஹஜ் அத்தியாயம் ஓதப்பட்டபோது அந்த வேறுபாடு கண்முன்னே நிகழ்ந்தது. அதன் 77-ஆம் வசனத்தில் ஸஜ்தா (நெற்றி நிலம்பட வணங்குதல்) உண்டு என்பது ஷாஃபிஈகளின் நிலைப்பாடு, ஹனஃபிகளுக்கு இல்லை. இமாம் அந்த வசனத்தை ஓதி முடித்ததும், என் வலப்பக்கம் நின்ற சோமாலியப் பெரியவர் முழங்கால்களை மடக்கத் தொடங்கிவிட்டார். தக்பீர் கேட்கவில்லை; இமாம் அடுத்த வசனத்துக்குப் போய்விட்டார். பெரியவர் பாதி வளைந்த நிலையிலிருந்து மெல்ல நிமிர்ந்து மீண்டும் கைகட்டினார். ஸலாம் கொடுத்துத் தொழுகை முடிந்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தபடி, “ஷாஃபிஈ?” என்று கேட்டார். ஆம் என்று தலையசைத்தேன். அவருக்கும் எனக்கும் இடையே இருந்தது உடைந்த ஆங்கிலம் மட்டுமே. ஆயினும், வித்ரின் கடைசி ரக்அத்தில் ருகூஉவிலிருந்து (குனிந்து வணங்கும் நிலையிலிருந்து) நிமிர்ந்தபின் இமாம் சத்தமாக குனூத் என்ற வேண்டுதலை ஓத, நாம் ஆமீன் சொல்வது பதினைந்து நோன்பு கழிந்தபின் வரும் வழக்கமல்லவா, அது இங்கே இல்லையே என்று அவர் வருந்தியது எனக்கு முழுவதுமாகப் புரிந்தது. இங்கே குனூத் ருகூஉவுக்கு முன், மெளனமாக. மூன்று ரக்அத் வித்ரும் ஒரே ஸலாமில் முடிந்துவிடும். இமாமைப் பின்பற்றித் தொழுவதில் குறையொன்றுமில்லை என்று எங்கள் ஆலிம்கள் சொல்லியிருந்தாலும், காது அந்த ஆமீனுக்காகக் காத்திருந்தது என்பதை மறைப்பானேன்.

வெளியே மஞ்சள் மேலங்கி அணிந்த தொண்டர்கள் தெருமுனையில் நின்று, பேசாமல் கலைந்து செல்லும்படி ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொள்வார்கள். அக்கம்பக்கத்தார் உறங்கும் நேரமல்லவா. அயலார் வாசலை மறித்து நிறுத்திய வண்டிகளின் எண்களைத் தொழுகைக்கு முன்பே ஒலிபெருக்கியில் வாசிப்பதும் உண்டு. இவ்வளவு ஒழுங்கும் இருந்த அந்தப் பள்ளிவாசலில் பெண்களுக்கு இடம் இல்லை என்பதுதான் என் மனைவியின் நியாயமான மனத்தாங்கல். கிழக்கு லண்டன் பள்ளிவாசலை ஒட்டி 2013-இல் திறக்கப்பட்ட மர்யம் மையம் போன்ற இடங்கள் அந்தக் குறையைத் தீர்க்கின்றன. ஆனால் நள்ளிரவில் குழந்தைகளோடு நகரைக் கடந்து போய்வருவது எல்லா நாளும் இயலாது.

2020-இல் பள்ளிவாசல்கள் மூடப்பட்டபோது என் மனைவி முதன்முறையாக மாதம் முழுவதும் ஜமாஅத்தோடு தொழுதார், எங்கள் வரவேற்பறையில். எனக்கு மனனமாகத் தெரிந்தவை சிறிய அத்தியாயங்களே என்பதால், மகளின் ஓவியப் பலகைத் தாங்கியில் முஸ்ஹஃபை வைத்துப் பார்த்து ஓதினேன். ஷாஃபிஈ மத்ஹபில் அதற்கு இடமுண்டு. நபியின் துணைவியார் ஆயிஷா (ரலி) அவர்களுக்கு, அவர்களுடைய ஊழியர் தக்வான் முஸ்ஹஃபைப் பார்த்து ஓதித் தொழவைத்தார் என்ற செய்தி புகாரி ஹதீஸ் தொகுப்பிலேயே உள்ளது. ஹனஃபியான என் நண்பரோ அதற்கு இசையாமல், தெரிந்த அத்தியாயங்களையே திரும்பத் திரும்ப ஓதி மாதத்தை முடித்தார்.

பிறை ஆண்டு சுமார் பதினொரு நாள் முந்துவதால் ரமளான் இப்போது குளிர்காலத்தை நோக்கி நகர்ந்துவிட்டது. 2030-இல் ஜனவரியிலும் டிசம்பரிலுமாக இரண்டு ரமளான்கள் தொடங்கும். அப்போது லண்டனில் மாலை நான்கு மணியளவிலேயே நோன்பு திறந்து, எட்டு மணி வாக்கில் தராவீஹை முடித்துவிடலாம். கடைசிப் பேருந்தைக் காட்டி எந்த ஹாஃபிழையும் அவசரப்படுத்த முடியாது.