பழைய ஷீட்டை உடைக்கிறவருக்கு என்ன பதில்?

காட்பாடிக்காரன்:
எங்கள் தெருவில் ஒரு பழைய குடோனின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையை இறக்குகிறார்கள். துருப்பிடித்த போல்ட்டைக் கழற்ற முடியாமல் இரண்டு பேர் மேலே ஏறி, சுத்தியலால் ஷீட்டையே உடைத்துக் கீழே தள்ளுகிறார்கள். கீழே ஒரு அம்மா துண்டுகளைப் பாண்டில் வாரி வண்டியில் கொட்டுகிறார். மூக்கை மூடப் புடவைத் தலைப்புதான். "தண்ணியாவது அடிச்சிட்டு உடைங்க" என்று மேஸ்திரியிடம் சொன்னேன். "எத்தனை வருஷமா இதே வேலை, எங்களுக்கு ஒண்ணும் ஆவல" என்றார். இதில் நிஜமாகவே ஆபத்து உண்டா, இல்லை நான்தான் சும்மா பதறுகிறேனா?

ஆற்காடு ஷீட்கடை:
பதற்றம்தான் தம்பி. நான் அப்பா காலத்திலிருந்து ஷீட் விற்கிறேன். அதில் ஆஸ்பெஸ்டாஸ் என்கிற கல்நார் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது, மீதி சிமெண்ட். நார் சிமெண்டுக்குள் இறுகிக் கிடக்கிறது, பறந்து வராது. அதுவும் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ். வெளிநாட்டில் கப்பல் பட்டறைக்காரர்களைக் கொன்றது நீலமும் பழுப்பும். வெள்ளை நார் நுரையீரலில் அவ்வளவு நாள் தங்காது. ஐஎஸ் 459 என்ற தர முத்திரையோடு அரசாங்கம் விற்க விடுகிற சரக்கு இது. அக்னி நட்சத்திரத்தில் வேலூரில் தகரக் கொட்டகைக்குள் ஒரு மத்தியானம் உட்கார்ந்து பாருங்கள், அப்புறம் பேசலாம். கூலிக்காரன் எல்லாரும் கான்கிரீட்டா போட முடியும்?

பாய்லர் பழசு:
கடைக்காரர் சொல்வதில் பாதி சரி. உடையாத ஷீட்டுக்குக் கீழே குடியிருப்பது வேறு, அதை அறுப்பதும் உடைப்பதும் வேறு. தம்பி கேட்டது இரண்டாவதை.

நான் ராணிப்பேட்டை, வாணியம்பாடிப் பக்கம் தோல் ஷாப்களில், அதாவது தோல் பதனிடும் ஆலைகளில், பாய்லர் வேலை பார்த்தவன். அந்தக் காலத்தில் நீராவிக் குழாய்க்குச் சூடு போகாமல் பூசுகிற லேகிங் என்றால் ஆஸ்பெஸ்டாஸ்தான். மூட்டையைப் பிரித்து, பொடியைத் தொட்டியில் கொட்டி, தண்ணீர் விட்டு, இட்லி மாவு மாதிரி வெறும் கையால் குழைப்போம். பாய்லர் கதவுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கயிறு. அளவு பார்த்துக் கத்தியால் அறுத்தால் நுனி பஞ்சாகப் பிரியும், அதை ஊதிவிட்டுத்தான் உள்ளே திணிப்போம். பழைய லேகிங்கைக் கொத்தி எடுக்கும் நாளில் ஜன்னல் வெயிலில் தூசி மினுமினுக்கும். பார்க்க அழகாக இருக்கும் என்றுகூடச் சொல்வேன். சாயந்திரம் அதே சட்டையோடு வீட்டுக்குப் போவோம், வீட்டுக்காரி உதறித் துவைப்பாள்.

என்னோடு வேலை பார்த்த ஒருவருக்கு ரிட்டயர் ஆகிப் பல வருஷம் கழித்து மூச்சிரைப்பு. டிபி என்று மாத்திரை கொடுத்தார்கள். கேட்கவில்லை. கடைசியில் ஒரு டாக்டர்தான் "என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்டார். ஸ்கேனில் நுரையீரல் முழுக்கத் தழும்பு. ஆஸ்பெஸ்டாசிஸ் என்றார்.

ஆற்காடு ஷீட்கடை:
ஐயா, அது பாய்லர் பொடி. சிமெண்டில் கட்டாத சரக்கு. அதையும் ஷீட்டையும் ஒன்றாக்கினால் எப்படி? உங்கள் நண்பர் பீடி பிடிப்பாரா என்றும் சொல்லுங்கள்.

பாய்லர் பழசு:
பிடிப்பார். பீடியும் இந்தத் தூசியும் சேர்ந்தால் நுரையீரல் புற்று வரும் வாய்ப்பு பல மடங்கு ஏறும். அதற்காகப் பழியைப் பீடி மேல் மட்டும் போட்டுவிட்டு எழுந்து போக முடியாது. மீசோதீலியோமா என்று நுரையீரலின் மேலுறையில் வரும் புற்று ஒன்று இருக்கிறது. அதற்கும் பீடிக்கும் சம்பந்தமே கிடையாது, பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸால்தான் வருகிறது. கணவன் சட்டையைத் துவைத்தே அது வந்த பெண்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள்.

பாகாயம் நர்ஸ்:
வெள்ளை நார் சீக்கிரம் வெளியேறுகிறது என்பது உண்மைதான். ஆனாலும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வெள்ளை உட்பட எல்லா வகையையும் மனிதருக்குப் புற்று தரும் பொருள் என்று முதல் பிரிவில்தான் வைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2005லேயே நிறுத்திவிட்டது. அமெரிக்கா 2024ல் தடை போட்டது, அதுவும் இந்த வெள்ளை நாருக்குத்தான். நம் நாட்டில் ஆஸ்பெஸ்டாஸ் தோண்டுவதை நிறுத்தியாகிவிட்டது. ஆனால் ரஷ்யாவிலிருந்து மூட்டை மூட்டையாக வாங்குகிறோம். முத்திரை இருக்கிறது என்றால் ஷீட் எடை தாங்கும், ஒழுகாது என்று பொருள். அறுக்கிறவர் நுரையீரலுக்கு அது உத்தரவாதம் இல்லை.

ஆற்காடு ஷீட்கடை:
அப்படியானால் நோயாளி எங்கே? ஊர் முழுக்க ஷீட் கூரை. இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி இருக்கிற வேலூரில் வரிசையாகப் படுத்திருக்க வேண்டாமா?

பாகாயம் நர்ஸ்:
நோய் தெரிய 20, 30, சில சமயம் 40 வருஷம் ஆகும். அதற்குள் ஆள் திருப்பூருக்கோ பெங்களூருக்கோ போயிருப்பார், இல்லை டிபி, ஆஸ்துமா என்று எழுதி முடித்திருப்பார்கள். அதனால்தான் 1995லேயே உச்ச நீதிமன்றம், ஆஸ்பெஸ்டாஸ் தொழிற்சாலைகள் ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவையும் வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 வருஷமோ, வேலையை விட்டபின் 15 வருஷமோ, எது பிந்தியதோ அதுவரை வைக்க வேண்டும் என்று சொன்னது. இஎஸ்ஐ தொழில்நோய்ப் பட்டியலிலும் இந்த நோய் இருக்கிறது. ஆனால் மேஸ்திரி கூட்டி வந்த ஆளுக்கு ஏது இஎஸ்ஐ? எண்ணவே இல்லாமல் எண்ணிக்கை கேட்கிறீர்கள் அண்ணா. ராணிப்பேட்டையில் ஒரு ஆலை குவித்த நச்சுக் குரோமியக் கழிவையும் ஆரம்பத்தில் இப்படித்தான் பேசினோம். ஆலை மூடியும் குவியல் போகவில்லை.

பைபாஸ் மெக்கானிக்:
நடுவில் ஒரு கேள்வி. பழைய லாரி பிரேக் டிரம்மைக் கழற்றினால் கறுப்புத் தூள் இருக்கும். நாங்கள் கம்ப்ரஸர் காற்று அடித்துத்தான் சுத்தம் செய்கிறோம். அதிலும் இதுவா?

பாய்லர் பழசு:
பழைய லைனிங்கில் இருக்கலாம். காற்று மட்டும் அடிக்காதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கவரில் கட்டிப் போடுங்கள். கடையில் எடுபிடிப் பையன் இருந்தால் முதலில் அவனுக்குச் சொல்லுங்கள்.

காட்பாடிக்காரன்:
மீதிக் கூரையை ஞாயிற்றுக்கிழமை இறக்குகிறார்கள். நான் என்ன செய்யட்டும்?

பாய்லர் பழசு:
ஷீட்டை நன்றாக நனைக்கச் சொல்லுங்கள். ஆனால் நனைத்த ஷீட் வழுக்கும், பழசு காலை வைத்தால் உடையும். பலகை போட்டுத்தான் நிற்க வேண்டும். போல்ட்டை வெட்டி முழு ஷீட்டாக இறக்கட்டும். துணியும் சாதா மாஸ்க்கும் இந்த நாரைத் தடுக்காது, மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கிற பி100 வடிகட்டி மாட்டிய முகக்கவசம் வேண்டும். உடைந்ததைப் பெருக்காமல், ஈரத்தோடு அள்ளித் தடிமனான பிளாஸ்டிக்கில் கட்டச் சொல்லுங்கள்.

ஆற்காடு ஷீட்கடை:
இதெல்லாம் செய்தால் கூலி ரெண்டு மடங்கு. யார் தருவார்? உடைந்த துண்டை ஆற்றோரப் பள்ளத்தில் கொட்டி மேலே மண் போடுவதுதான் ஊர் வழக்கம்.

பாகாயம் நர்ஸ்:
குடோன் முதலாளி தரட்டும். அது இருக்கட்டும், உங்கள் கடை வாசலில் கட்டிங் மெஷினில் ஷீட்டை அளவுக்கு அறுத்துத் தருகிற பையனுக்கு என்ன வயசு அண்ணா? அவன் பேர் எந்த நோட்டிலாவது இருக்கிறதா?

ஆற்காடு ஷீட்கடை:
தினக்கூலிப் பையன். பேரை எதுக்கு எழுதணும்? நாளைக்கு வேறு கடைக்குப் போய்விடுவான்.

காட்பாடிக்காரன்:
மேஸ்திரியிடம் பேசிவிட்டேன். ஓஸ் பைப் நான் தந்தால் தண்ணீர் அடிப்பாராம், மாஸ்க் முதலாளி பாடாம். முதலாளி போனை எடுக்கவில்லை. சனிக்கிழமைக்குள் பி100 மாஸ்க் வேலூரில் எந்தக் கடையில் கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மூன்று வேண்டும், அந்த அம்மாவுக்கும் சேர்த்து.