டிரம் மெஷின் தடுமாறுகிறது: தனி சீக்வென்சர் வாங்கினால் சரியாகுமா?

நடுநிசித்தாளம்:
மென்பொருள் சீக்வென்சரில் (சுரங்களையும் அடிகளையும் வரிசையாக ஓட்டும் நிரல்) எழுதி, கருவிகளுக்குச் சுரக் கட்டளை அனுப்பும் யுஎஸ்பி மிடி இடைமுகம் வழியாக டிரம் மெஷினுக்கும், வந்ததை அப்படியே கடத்தும் அதன் த்ரூ வாயிலிருந்து சிந்தசைசருக்கும் அனுப்புகிறேன். வேகம் நிமிடத்துக்கு 120 தட்டு. மென்பொருளுக்குள்ளேயே இருக்கும் ஒலிகள் கச்சிதமாக விழுகின்றன. வெளியே உள்ள டிரம் மட்டும் சில அடிகளில் பிந்துகிறது. கணினியின் ஒலி பஃபரைக் (இடைச்சேமிப்பை) குறைத்தும் பயனில்லை. தனிக்கருவிக்கு மாறிவிடலாமா?

பழைய சுருதி:
வாங்குமுன் அளந்து பாருங்கள். ரிம்ஷாட்டை (டிரம் விளிம்பில் அடிக்கும் கூர்மையான ஒலி) மட்டும், நான்கு தட்டு கொண்ட பட்டிக்குப் பதினாறு அடியாக ஓடவிட்டுப் பதிவு செய்யுங்கள். 120 வேகத்தில் அடிக்கு அடி 125 மில்லிவினாடி, அதாவது 48 கிலோஹெர்ட்சில், அதாவது நொடிக்கு 48,000 சாம்பிளாகப் பதிந்தால், 6000 சாம்பிள். எல்லா அடியும் ஒரே அளவு தள்ளி விழுந்தால் அது வெறும் தாமதம். தடத்தை அந்த அளவு முன்னுக்கு நகர்த்தினால் தீர்ந்தது. இடைவெளியே கூடிக் குறைந்தால் வேறு நோய்.

நடுநிசித்தாளம்:
சிந்தசைசரில் ஆறு சுரங்கள் சேர்ந்தொலிக்கும் கார்டு விழும் அடியில் 6270 வரை போகிறது, அடுத்ததில் 5730க்கு இறங்குகிறது. கார்டை நிறுத்தினால் ஏறக்குறைய அடங்கிவிடுகிறது.

பழைய சுருதி:
அப்படியானால் மென்பொருளைத் திட்டாதீர்கள். ஐந்து முனை மிடி கேபிளில் நொடிக்கு 31,250 பிட்தான் போகும். ஒரு சுரத்தைத் தொடங்க 3 பைட், கிட்டத்தட்ட 1 மில்லிவினாடி. ஆறு சுரங்கள் முன்னால் வரிசையில் நின்றால் ரிம்ஷாட் 6 மில்லிவினாடி காத்திருக்கும். உங்கள் 270 சாம்பிள் அதுதான். எவ்வளவு உயர்ந்த சீக்வென்சரை வாங்கினாலும், இரண்டையும் ஒரே கேபிளில் அனுப்பினால் இதே கதை. டிரம்முக்குத் தனி வெளியீடு கொடுங்கள். இல்லையென்றால் கார்டைச் சில டிக் (சீக்வென்சரின் மிகச்சிறு நேர அலகு) பின்னுக்குத் தள்ளுங்கள்.

பதினாறு விளக்கு:
கணக்கு சரி. ஆனால் தனிக்கருவியை நேரத்துல்லியத்துக்காக மட்டும் எடைபோடுவது அநியாயம். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு தடத்தை 12 ஸ்டெப்பாக (தட்டுக்கு நான்கு ஸ்டெப்) சுருக்கிப் பாருங்கள். 16 ஸ்டெப் தடத்தோடு அது 48 ஸ்டெப்புக்கு ஒருமுறைதான் ஒன்றுசேரும். மென்பொருளிலும் முடியும், ஆனால் மவுசைப் பிடித்துக்கொண்டு எனக்கு அந்த விளையாட்டு வருவதில்லை. முழுப் பாடலை வெட்டி ஒட்டி அமைக்க மட்டும் கணினிதான். அதைச் சின்னத் திரையில் செய்வது தண்டனை.

நடுநிசித்தாளம்:
இடைமுகத்தில் இரண்டாவது வெளியீடு சும்மா கிடந்தது. டிரம்மை அதற்கு மாற்றியதும் 6000ஐ ஒட்டியே நிற்கிறது. கருவி வாங்குவதை ஒத்திவைத்துவிட்டேன். அந்த 12க்கு 16ஐ மென்பொருளில் எப்படிச் செய்வது?

பதினாறு விளக்கு:
அந்தத் தடத்தின் கிளிப்பில் (தாளம் எழுதிய துண்டில்), அது திரும்பத் தொடங்கும் லூப் முடிவை மட்டும் மூன்றாம் தட்டு முடியும் இடத்துக்கு இழுத்து வையுங்கள். மற்றத் தடங்களைத் தொடவேண்டாம்.