நேட்டால் கோப்புகளில் நம் ஆட்களைத் தேடியபோது

பாலாற்றங்கரை:

தென்னாப்பிரிக்க அரசு ஆவணக் காப்பகங்களில் உட்கார்ந்து தேடியவர்கள் நம்மில் சிலர் இருக்கிறீர்கள். குடும்ப வேரைத் தேடிப் போனவர்களும் சரி, ஆராய்ச்சிக்குப் போனவர்களும் சரி, அங்கே கண்டதை எழுதுங்கள். முதலில் என் பங்கு.

டர்பனுக்கு வடக்கே டொங்காட்டில் எனக்குப் பழக்கமான ஒரு குடும்பம் இருக்கிறது. தாத்தாவின் அப்பா ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர் என்பது மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும். ஊர்ப் பெயர் தெரியாது. ஒப்பந்தம் முடிந்ததற்கான பழைய சீட்டு ஒன்றை மட்டும் பத்திரமாக வைத்திருந்தார்கள். மடித்த இடமெல்லாம் கிழிந்திருந்தாலும் அதிலிருந்த எண் தெளிவாகத் தெரிந்தது.

எண் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து 342 பேரோடு டர்பன் வந்து சேர்ந்தது. அன்று தொடங்கி 1911 வரை 1,52,184 பேரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்கு, அதாவது டர்பன் அடங்கிய அன்றைய ஆங்கிலேயக் குடியேற்ற நாட்டுக்கு, கொண்டுபோனார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னையில் கப்பலேறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள், கைக்குழந்தைக்கும்கூட. பெயரை எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். முனுசாமியை நாலு விதமாக எழுதிப் பார்த்திருக்கிறேன். எண் மாறாது. சம்பளம், நோய், தண்டனை, மரணம் என்று எந்தக் காகிதத்தில் அந்த ஆள் வந்தாலும் பக்கத்தில் அந்த எண் இருக்கும்.

கப்பல் பட்டியல்கள் டர்பன் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றைக் கணினியில் ஏற்றிய வடிவம் வெஸ்ட்வில்லில் உள்ள பல்கலைக்கழக வளாகத்தில், காந்தி-லுதுலி ஆவண மையத்தில் கிடைக்கும். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம் எல்லாம் ஒரே வரியில் வந்துவிடும். நாங்கள் தேடியவருக்கு வயது 22, இடது முழங்காலில் தழும்பு. கிராமத்தின் பெயரைப் படித்ததும் அந்த வீட்டு அம்மா இன்னொரு முறை படிக்கச் சொன்னார். அப்புறம் தன் பேத்தியைக் கூப்பிட்டு எழுதி வைக்கச் சொன்னார்.

அதோடு நிறுத்த மனம் வரவில்லை. பீட்டர்மாரிட்ஸ்பர்க் போனேன். காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட ஊர் என்று நம்மவர்கள் நிலையத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதே ஊரில், பீட்டர்மாரிட்ஸ் தெருவில்தான் பழைய நேட்டால் அரசாங்கத்தின் கோப்புகள் இருக்கின்றன. அந்த ஊருக்குப் போகும் தமிழர் எவரும் ஒரு காலைப்பொழுதையாவது அங்கே செலவிட வேண்டும் என்பேன்.

பையை வெளியே வைத்துவிட்டு பென்சிலும் நோட்டும் மட்டும் உள்ளே கொண்டு போகலாம். சீட்டில் கோப்பு எண்ணை எழுதிக் கொடுத்தால் பெட்டியை எடுத்து வருவார்கள். நான் கேட்டது இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர், அதாவது கூலிகளின் முறையீடுகளைக் கவனித்த அரசு அதிகாரி, அலுவலகக் கோப்புகளை. 'ஐஐ' என்ற குறியீட்டில் இருக்கும். தொழிலாளிகள் சொன்ன வாக்குமூலம், தோட்டத்து முதலாளியின் பதில், பாதுகாவலரின் குறிப்பு மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டியிருக்கும்.

எங்கள் ஆளின் எண் ஒரு கோப்பில் வந்தது. ஆறு பேராகச் சேர்ந்து, இரண்டு மாதச் சம்பளம் வரவில்லை, அரிசி அளவு குறைகிறது என்று முறையிட்டிருக்கிறார்கள். சம்பளம் என்றால் முதல் ஆண்டில் மாதம் 10 ஷில்லிங், பிறகு ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் கூடும். முதலாளியின் பதில் ஒரே பத்தி. இவர்கள் சோம்பேறிகள், அனுமதியில்லாமல் தோட்டத்தை விட்டுப் போனார்கள் என்று எழுதியிருந்தார். 1891ஆம் ஆண்டுச் சட்டப்படி, தொழிலாளிகள் கூட்டமாகப் புகார் சொல்ல அனுமதியில்லாமல் கிளம்பினால், புகார் நியாயமானதாகவே இருந்தாலும் தண்டனை உண்டு. அந்த ஆறு பேருக்கும் அபராதம் விழுந்தது. சம்பள பாக்கி என்ன ஆயிற்று என்று அந்தக் கோப்பில் ஒரு வரிகூட இல்லை.

வாக்குமூலத்தின் அடியில் ஐந்து பெருக்கல் குறிகள், ஒரு கையெழுத்து. கையெழுத்து தமிழில் இருந்தது. மை பழுப்பாகிவிட்டது. எழுத்து நிதானமாக, கோடு பிசகாமல் இருந்தது. எங்கள் ஆளுடையது இல்லை, அவரோடு போன இன்னொருவருடையது. அவர் யார், எந்தத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் படித்தார், எப்படி அந்தக் கப்பலில் ஏறினார் என்று அன்றைக்கு முழுதும் எனக்கு வேறு நினைப்பே இல்லை.

தேடப் போகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். அங்கே காகிதத்தில் பேசுகிறவர்கள் எல்லாம் முறையிட்டவர்கள், ஓடிப்போனவர்கள், தண்டனை பெற்றவர்கள். ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தை வாய் திறக்காமல் கழித்தவருக்குப் பட்டியலில் ஒரு வரிதான். 'எங்கள் பாட்டனார் வம்புதும்புக்குப் போகாதவர்' என்று பெருமையாகச் சொல்லும் குடும்பங்கள் உண்டு. புகார்க் கோப்புகளையும் பாருங்கள் என்று அவர்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். சட்டம் அடிக்கும் என்று தெரிந்தும் புகார் சொல்ல நடந்து போனவர்கள் அந்தக் கோப்புகளில்தான் இருக்கிறார்கள்.

எழும்பூர் வாசகி:

அண்ணா, அந்தக் கையெழுத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

நான் இந்தக் கரையிலிருந்து தேடுகிறவள். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் குடியேற்றம் பற்றிய சென்னை மாகாண அரசாணைகள் இருக்கின்றன. நேட்டால் கோப்பையும் இதையும் சேர்த்துப் படித்தால்தான் முழுக்கதை கிடைக்கும். 1866ஆம் ஆண்டோடு நின்றுபோயிருந்த குடியேற்றத்தை நேட்டால் மறுபடி கேட்ட நேரத்தில், 1871ல் அங்கே பத்தாண்டு இருந்துவிட்டுச் சென்னை திரும்பியவர்கள் அங்கே நடந்த கொடுமைகளை இங்குள்ள அதிகாரிகளிடம் வரிசையாகச் சொன்னார்கள். சாட்டையடி, பிடித்து வைத்த சம்பளம், மருத்துவம் இல்லாத நோயாளிகள். இந்திய அரசு ஆள் அனுப்ப மறுத்தது. நேட்டாலில் 1872ல் விசாரணைக் குழு போட்டார்கள், பாதுகாவலர் பதவியே அதன் பிறகுதான் வந்தது. 1874ல்தான் கப்பல்கள் மறுபடி ஓடின. நீங்கள் பார்த்த அந்த ஐஐ கோப்புகள் உருவானதற்கே திரும்பி வந்த நம் ஆட்கள் கொடுத்த சாட்சியம்தான் காரணம். இதைப் பாடப்புத்தகத்தில் போட வேண்டும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன்.

ஊரைத் தேடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பட்டியலில் 'வடஆற்காடு ஜில்லா' என்று இருந்தால் உடனே வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் மட்டும் தேடாதீர்கள். 1911 வரை சித்தூர் அந்த ஜில்லாவில்தான் இருந்தது. தேடும் கிராமம் இன்றைக்கு ஆந்திராவில் இருக்கலாம். தாணா என்ற கட்டத்தில் பெரும்பாலும் தாலுகா பெயர் இருக்கும், அதிலிருந்து தொடங்கினால் கிராமத்தைப் பிடிப்பது சுலபம். சாதி என்ற கட்டத்தை நம்பி முடிவுக்கு வராதீர்கள். கப்பலேறும் முன் தங்கவைத்த கிடங்கில் வரிசையில் நின்ற மனிதர் என்ன சொன்னார், எழுத்தர் என்ன எழுதினார் என்பதற்கு நடுவில் எவ்வளவோ நடந்திருக்கும்.

இன்னொன்று. உங்கள் ஆளின் வரியை மட்டும் படம் எடுத்துக்கொண்டு எழுந்துவிடாதீர்கள். மேலே பத்து வரி, கீழே பத்து வரி படியுங்கள். ஒரே கிராமத்துக்காரர்கள் அடுத்தடுத்த எண்ணில் வருவார்கள். ஒரு குடும்பத்துக்காக நான் பார்த்தபோது மூன்று எண் தள்ளி அதே ஊர்ப் பெண் ஒருத்தி, அதே தகப்பன் பெயருடன் இருந்தாள். அக்காவா தங்கையா தெரியாது. ஆனால் அப்படி ஒருத்தி வந்தாள் என்பதே அந்தக் குடும்பத்துக்கு நாலு தலைமுறையாகத் தெரியாமல் இருந்தது.

கொள்ளிடம்:

நேரில் போக முடியாதவர்கள் என்ன செய்வது? எங்கள் பெரியப்பா வழியில் ஒருவர் போனதாகச் சொல்வார்கள். எண் எல்லாம் எதுவும் இல்லை.

பாலாற்றங்கரை:

தென்னாப்பிரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் தேடுதளம் இணையத்தில் இருக்கிறது, 'நார்ஸ்' என்பார்கள். கோப்பின் உள்ளே இருப்பதைக் காட்டாது, கோப்பின் தலைப்பையும் அது இருக்கும் இடத்தையும் காட்டும். என்ஏபி என்றால் பீட்டர்மாரிட்ஸ்பர்க், டிஏபி என்றால் பழைய டிரான்ஸ்வால் (ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா இருக்கும் பகுதி), எஸ்ஏபி என்றால் 1910க்குப் பிந்தைய மத்திய அரசு. பெயரை எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் போடுங்கள். அங்கே கவுண்டர் 'கோவெண்டர்' ஆகிவிட்டார், முதலியார் 'மூட்லி'.

எண் இல்லாவிட்டால் சொத்துக் கோப்பு வழியாகப் போகலாம். ஒருவர் ஒரு துண்டு நிலமோ, சேமிப்போ வைத்துவிட்டு இறந்திருந்தால் உச்ச நீதிமன்ற அதிகாரியிடம் மரண அறிவிப்பு ஒன்றைத் தாக்கல் செய்திருப்பார்கள். பிறந்த இடம், பெற்றோர், மனைவி, பிள்ளைகளின் பெயர் எல்லாம் அதில் கேட்டிருக்கும். பெரியப்பா வழிக்காரர் அங்கேயே தங்கிவிட்டவர் என்றால் இதைத்தான் முதலில் பார்ப்பேன்.

ஜோபர்க் கோவைக்காரன்:

வேலைக்காக இங்கே வந்தவன் நான். பிரிட்டோரியாவில் உள்ள தேசியக் காப்பகத்துக்கு ஒரு விடுப்பில் போனேன், பிறகு போய்க்கொண்டே இருக்கிறேன். நான் தேடுவது 1907 முதல் 1914 வரையிலான சத்தியாக்கிரகத் தமிழர்களை.

டிரான்ஸ்வாலில் ஆசியர்கள் பத்து விரல் ரேகையும் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும் என்று 1907ல் சட்டம் வந்தது. மறுத்தவர்களில் தமிழர்கள் முன்வரிசை. தள்ளுவண்டியில் காய் விற்றவர்கள், சலவைத் தொழிலாளர்கள். ஒரே ஆள் மறுபடி மறுபடி சிறைக்குப் போயிருக்கிறார். 18 வயது நாகப்பன் 1909 ஜூலையில் சிறை முகாமின் குளிரிலிருந்து விடுபட்ட சில நாளில் இறந்தார். பலரை டெலகோவா குடா (இன்றைய மொசாம்பிக்கின் மபூட்டோ துறைமுகம்) வழியாக இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். அப்படிச் சென்னையில் வந்து இறங்கியவர்களுக்குச் சோறும் இடமும் கொடுத்துப் பார்த்துக்கொண்டவர் சென்னைப் பதிப்பாளர் ஜி.ஏ. நடேசன். நாடு கடத்தப்பட்டுத் திரும்பி வந்த நாராயணசாமியைக் கரையிறங்க விடாமல் துறைமுகம் துறைமுகமாக அலைக்கழித்தார்கள். 1910 அக்டோபர் 16 அன்று டெலகோவா குடாவில் அவர் உயிர் போனது. வள்ளியம்மையை எல்லோருக்கும் தெரியும். இந்த இரண்டு பையன்களையும் நம் ஊரில் யாரும் பேசுவதில்லை என்பது எனக்குத் தாங்க முடியாத வருத்தம்.

அந்தக் காலக் கோப்புகளைப் படிக்கும்போது பாலாற்றங்கரை அண்ணா சொன்னதுதான் இங்கேயும் பொருந்துகிறது. அரசாங்கம் இவர்களைக் கண்காணிக்கவும் துரத்தவும் எழுதியது, அதனால்தான் இன்றைக்கு நாம் இவர்கள் பெயரைப் படிக்கிறோம்.

ஆனால் அரசாங்கம் எழுதியது எல்லாம் தங்குவதும் இல்லை. நிறவெறி அரசு மண்டேலாவையும் தோழர்களையும் கூண்டில் ஏற்றிய ரிவோனியா வழக்கின் ஒலிப்பதிவுகள் இந்தக் காப்பகத்தில் இருக்கின்றன. 'டிக்டபெல்ட்' என்ற வளையும் பிளாஸ்டிக் பட்டையில் பதிந்தவை. பிரான்ஸ் நாட்டு நிபுணர்கள் உதவியோடு அவற்றிலிருந்து குரலை மீட்டு டிஜிட்டலாக்கிவிட்டார்கள். அந்த வழக்கின் ஆவணங்கள் 2007ல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்ந்தன. அதே நாட்டில்தான் 1993ல், ஆட்சி கைமாறப் போகிறது என்று தெரிந்ததும், தேசிய உளவுத் துறை சுமார் 44 டன் ஆவணங்களைச் சில மாதங்களுக்குள் அழித்தது. நிறவெறி ஆட்சிக் காலக் கொடுமைகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் அறிக்கையில் இது வெளிவந்தது. காகிதமும் மைக்ரோஃபிலிமும் உலையில் போயின. காணாமல் போன மகன்களைப் பற்றி அந்த 44 டன்னில் என்ன இருந்திருக்கும் என்று இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். 1996ல் வந்த தேசிய ஆவணக் காப்பகச் சட்டத்தின்படி, காப்பாளரின் எழுத்து அனுமதி இல்லாமல் அரசு அலுவலகம் எந்த ஆவணத்தையும் அழிக்க முடியாது. பொதுவாக 20 ஆண்டு ஆன கோப்பை யார் வேண்டுமானாலும் கேட்டுப் படிக்கலாம், வெளிநாட்டுக்காரனான நானும்தான். சீட்டில் பெயர் எழுதும்போதெல்லாம் இந்த நாட்டின் மேல் மரியாதை கூடுகிறது.

கொள்ளிடம்:

நார்ஸில் தேடினேன். மூன்றாவது எழுத்துக்கூட்டலில் ஒரு மரணக் கோப்பு வந்தது. 1930களைச் சேர்ந்தது. பெரியப்பா சொல்லும் பெயர், தகப்பன் பெயரும் ஒத்துப்போகிறது. இடம் என்ஏபி என்று இருக்கிறது. இனி என்ன செய்வது?

பாலாற்றங்கரை:

தலைப்பு வரியை அப்படியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மூலம், தொகுதி எண், கோப்பு எண், ஆண்டு நாலும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் பெட்டி கிடைக்காது. காப்பகத்துக்கு எழுதிக் கேட்கலாம். அங்கே கூலிக்குத் தேடித் தருபவர்களும் உண்டு. இந்தத் தடவை இரண்டும் வேண்டாம். டொங்காட்டு அம்மாவின் பேத்தி இப்போது பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில்தான் படிக்கிறாள், வெள்ளிக்கிழமை காப்பகத்துக்குப் போகிறாள். நாலு விவரத்தையும் எனக்கு அனுப்புங்கள், படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். வாசகி, ஊர்ப் பெயர் வந்ததும் தாலுகாவை நீங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும்.