வேலை செய்ற எடத்துல விசுவாசம் இடிச்ச சம்பவம் யாருக்காவது இருக்கா?

உபதேசியார் பேரன்:
நானே ஆரம்பிக்கேன், ரெண்டு வருஷமா மனசுல கெடக்கு. ஊரு தூத்துக்குடி பக்கம், சிஎஸ்ஐ. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில ஹெச்ஆர். துணி வாங்குற கம்பெனிக்காரங்க (பையர்) சார்பா வர்ற ஆடிட் எப்படி நடக்கும்னு அந்த ஊர்ல இருக்கவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல, ரெண்டு ரெஜிஸ்டர். ஓவர்டைம் சேத்து வாரம் 60 மணி நேரம் தாண்டக்கூடாதுன்னு பையர் அவன் விதிமுறைல போட்டிருப்பான், ஷிப்மெண்ட் நெருங்கிட்டா ஒன்றரை ஷிப்ட்டு, ரெண்டு ஷிப்ட்டு, ஞாயித்துக்கிழமையும் ஓடும், அதெல்லாம் ஆடிட்டருக்குக் காட்டுற ரெஜிஸ்டர்ல வராது. மொத நாள் சாயங்காலம் டைலருங்க, செக்கிங் அக்காங்க எல்லாரையும் உக்கார வச்சு, என்ன கேட்டா என்ன சொல்லணும்னு சொல்லிக்குடுத்தது நான்தான். மறுநாள் ஆடிட்டர் வந்து பேப்பரெல்லாம் பாத்தாரு. "ஞாயிறு ரன்னிங் உண்டா சார்"னு கேட்டாரு, இல்லன்னேன். அப்போ என் மேசைல நிக்க வச்சிருந்த வாக்குத்தத்த அட்டையப் பாத்துட்டாரு, புது வருஷத்துக்குன்னு டிசம்பர் 31 ராத்திரி ஆராதனைல எடுத்த பைபிள் வசனம். "கிறிஸ்டியனா சார்? நானும்தான். எந்த சர்ச்?" சொன்னேன். லேசா சிரிச்சிட்டு "அப்ப சரி சார்"னு ஃபைல மூடி வச்சிட்டாரு, இன்னும் பாதி ரெஜிஸ்டர் பாக்கவே இல்ல.

அவரு என் பேச்சயோ பேப்பரயோ நம்பல, அந்த அட்டைய நம்பிட்டுப் போனாரு. அதுக்கு முந்தின ஞாயிறு நானே கம்பெனிலதான் நின்னேன்.

நாசரேத் பொண்ணு:
உங்க அளவுக்குப் பெருசில்லண்ணா. சென்னைல ஐடி. ஆயுத பூஜைக்கு எங்க ஃப்ளோர்ல மானிட்டர் எல்லாத்துக்கும் பொட்டு வச்சு பூசணிக்கா உடைச்சு பூஜை பண்ணுவாங்க, அது முடியிறவரைக்கும் நான் பேன்ட்ரில நிப்பேன், யாரும் தப்பா எடுத்துக்கிட்டதில்ல. போன வருஷம் ஹவுஸ்கீப்பிங் அக்கா ஒருத்தங்க பேப்பர் கப்புல பொரி, கடலை, ஒரு துண்டு ஆப்பிள் போட்டு என் சீட்டுக்கே கொண்டாந்துட்டாங்க, "சாமிக்கு வச்சது பாப்பா, எடுத்துக்கோ"ன்னு. நான் "வேணாம்க்கா, நாங்க சாப்பிட மாட்டோம்"னு சொல்லிட்டேன். அந்த அக்கா உடனே கப்ப பின்னால இழுத்துக்கிட்டாங்க. ஒரு நிமிஷம் கழிச்சு மெதுவா, "நான் கை கழுவிட்டுதான் எடுத்தேன் பாப்பா"ன்னாங்க.

நான் என்ன காரணத்துக்குச் சொன்னேன், அவங்க என்ன காரணம்னு எடுத்துக்கிட்டாங்க பாருங்க. பின்னாடியே ஓடிப்போய் விளக்கம் சொன்னேன், தலையாட்டுனாங்க, ஆனா நம்பின மாதிரி தெரியல.

ஜெபவீரன்77:
சிஸ்டர் நீங்க செஞ்சது நூத்துக்கு நூறு சரி. 1 கொரிந்தியர் 10 எடுத்துப் படிங்க, கடைல விக்கிறத எதையும் விசாரிக்காம வாங்கிச் சாப்பிடு, ஆனா ஒருத்தன் இது படைச்சதுன்னு வாயால சொல்லிட்டா சாப்பிடாதேன்னு பவுல் தெளிவா சொல்றாரு. அந்த அக்கா வாயால சொல்லிட்டாங்க, முடிஞ்சது. இதுல ஃபீல் பண்ண என்ன இருக்கு?

மொத பதிவு போட்ட பிரதருக்குத்தான் என் பாரம். நீங்க உடனடியா மூணு விஷயம் பண்ணணும், முதல்ல அந்த வேலைய ரிசைன் பண்ணுங்க, கர்த்தர் வேற வாசல் திறப்பாரு, ரெண்டாவது அந்த ஆடிட்டர தேடிப்பிடிச்சு அறிக்கை பண்ணுங்க, அப்புறம் 21 நாள் உபவாசம், காலைல தண்ணி மட்டும், சாயங்காலம் கஞ்சி, நானே அட்டவணை அனுப்புறேன். ராஜா வச்ச சிலைய வணங்க மாட்டோம்னு நெருப்புச் சூளைக்குள்ள போன சாத்ராக் மேஷாக் ஆபேத்நேகோ வேல போயிடும்னு பயந்தாங்களா? சிலர் லூக்கா 16ல வர்ற உக்கிராணக்காரன, அதாவது எஜமான் சொத்தப் பாத்துக்கிட்டவன காட்டுவாங்க, கடன்காரன்கிட்ட 100 குடம் எண்ணெயை 50ன்னு எழுதச் சொன்னவன எஜமான் மெச்சிக்கிட்டானேன்னு. அவன் புத்திய மெச்சினாங்க பிரதர், திருட்ட இல்ல. இன்னைக்கு சபைகள்ல இதச் சொல்றதுக்கு ஆள் இல்ல, மேசைல வசனம் வைக்கிறதெல்லாம் சாட்சி இல்ல.

என் அனுபவம்: 2011ல ஒரு கடைல கல்லாவுல நின்னேன், பில்லு இல்லாம விக்கச் சொன்னாங்க, விட்டுட்டு வந்துட்டேன். அவ்வளவுதான்.

ஐசியூ நைட்:
77 அண்ணே, விட்டுட்டு வந்து அடுத்த மாச வாடகைய யாரு குடுத்தான்னும் சொல்லிருக்கலாம்.

நான் மார்த்தாண்டம், மதுரைல ஸ்டாஃப் நர்ஸ். ராத்திரி ரெண்டரை மணி, வென்டிலேட்டர்ல ஒரு ஐயா, வெளிய அவரு வீட்டம்மா, வயசு எழுவது இருக்கும். அந்நேரம் உள்ள விட முடியாது. ஒரு பேப்பர் பொட்டணத்த என் கைல திணிச்சு, "மீனாட்சி கோயில் துன்னூறும்மா, அவரு நெத்தில இட்டு விட்டுரு தாயி"ன்னு காலப் பிடிக்க வந்துட்டாங்க. வாங்கிட்டேன். பெட்டுகிட்ட நின்னு யோசிச்சேன், குப்பைல போட்டுட்டு வச்சாச்சுன்னு சொல்லலாமா, அது பொய். வச்சா அம்மா சொல்லிக்குடுத்தது எல்லாம் என்னாகும். க்ளவுஸ் போட்ட விரலால வச்சேன். வச்சிட்டு கையெடுக்காம அப்படியே, "ஆண்டவரே இவர பாத்துக்கோங்க"ன்னு சொன்னேன், எனக்குத் தெரிஞ்ச ஜெபம் அதுதானே. காலைல ஆறு மணிக்கு அந்தம்மா கண்ணாடி வழியா நெத்தியப் பாத்துட்டு என்னப் பாத்து கும்பிட்டாங்க.

2 இராஜாக்கள் 5ல, கர்த்தர நம்ப ஆரம்பிச்ச சீரியா படைத்தலைவன் நாகமான் எலிசா தீர்க்கதரிசிகிட்ட கேக்குறான்ல, என் ராஜா எங்க ஊரு சாமி ரிம்மோன் கோயில்ல என் கைமேல சாஞ்சு பணியும்போது நானும் பணிய வேண்டி வருமே, கர்த்தர் மன்னிப்பாரான்னு. எலிசா திட்டல, உபவாச அட்டவணையும் குடுக்கல. சமாதானத்தோட போன்னு மட்டும் சொன்னாரு. வீட்டுல சொன்னேன், "சர்ச் ஐயர்கிட்ட சொல்லிராத மக்ளே"ன்னாங்க அம்மா.

ஜெபவீரன்77:
நாகமான் புதுசா வந்தவன் சிஸ்டர், நீங்க பரம்பரை கிறிஸ்தவங்க. ரெண்டும் ஒண்ணா?

ஐசியூ நைட்:
எனக்கு ஏழு மணிக்கு ட்யூட்டி.

பைக் பையன்:
எல்லாரும் பெருசா எழுதுறீங்க, நான் ஃபுட் டெலிவரி, ஞாயித்துக்கிழம மதியம் ஓடுனாத்தான் இன்சென்டிவ், அதனால ஈஸ்டர் அதிகாலை ஆராதனைய விட்டா எனக்கு சர்ச்சு இல்ல. ஒரு ஞாயிறு ரெண்டு மட்டன் பிரியாணி, அட்ரஸ் பாத்தா சர்ச்சுக்குப் பின்னாடி தெரு. கதவத் திறந்தவரு அப்பதான் ஆராதனை முடிஞ்சு வந்திருக்காரு போல, வெள்ளச் சட்ட, பைபிள் இன்னும் கைல. ஆப்ல என் பேரப் பாத்துட்டு, "தம்பி கிறிஸ்டியன்தானே, ஓய்வுநாள் அதுவுமா சர்ச்சுக்குப் போகாம சுத்துறியே"ன்னாரு. பிரியாணி பொட்டலம் என் கைல இருக்கு, அதையும் வாங்கிக்கிட்டாரு. டிப்ஸ் இல்ல.

உபதேசியார் பேரன்:
பைக் தம்பி, ரொம்ப நாளைக்கப்புறம் சிரிச்சேன். 77 பிரதர், உங்க மேல கோபம் இல்ல, அட்டைய பத்தி நீங்க சொன்னது குத்திருச்சு. அடுத்த மாசம் திரும்ப ஆடிட், அதே ஆள்தான் வர்றாருன்னு மெயில் வந்திருக்கு. இன்னைக்கு சாயங்காலம் அட்டைய எடுத்து டிராயர்ல போட்டேன், செக்கிங் அக்கா ஒருத்தங்க பாத்துட்டு, "ஏன் சார், ஆடிட் அன்னிக்கு அது இருந்தா நல்லதில்லையா?"ன்னு கேட்டாங்க.