பைக் ஆயில் மூடியில் தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) நுரை, கூடவே நீலப்புகை. அவசரம்!

ஈசூன்_தம்பி (சனி, இரவு 10:40)
அண்ணன்மாரே, அக்காமாரே, வண்டியில் ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றினால் உள்பக்கம் தே தாரிக் நுரை மாதிரி வெளுப்பாக ஒட்டியிருக்கிறது. ஆயில் குறைகிறதென்று மூன்று வாரமாக ஊற்றிக்கொண்டே இருக்கிறேன். இப்போது புகை வேறு. நேற்று கார்ப்பேட்டையில் பக்கத்து லாட் அங்கிள் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார். இன்ஜின் போச்சா? அடுத்த மாதம் இன்ஸ்பெக்‌ஷன்.

மசகு_மன்னன் (10:52)
என்ன வண்டி? எந்த வருடம்? எத்தனை கிலோமீட்டர்? என்ன ஆயில்? ஜாதகத்தைக் கொடுக்காமல் பலன் கேட்டால் எப்படி தம்பி?

உட்லண்ட்ஸ்_சூப்பர்ஃபோர் (10:58)
வாட்டர் பம்ப் சீல் போச்சு. சந்தேகமே வேண்டாம். என் வண்டியில் இதே கதை. கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் நீர்) ஆயிலில் கலந்தால் இப்படித்தான் பாலாகும். அது இல்லையென்றால் ஹெட் கேஸ்கெட். ஓட்டாதே, லாரியில் ஏற்றிப் போ.

ரெண்டு_ஸ்ட்ரோக் (11:05)
என்னை மாதிரி டூ-ஸ்ட்ரோக் ஆர்எக்ஸ்இசட் பைக் வாங்கியிருந்தால் இந்தக் கவலையே இல்லை. புகை வந்தால்தான் வண்டிக்கு நல்ல உடம்பு என்று அர்த்தம்.

ஈசூன்_தம்பி (11:20)
ஹோண்டா பேண்டம் 200. 2007 வண்டி. ஆயில் மாமா காருக்கு வாங்கியதில் மிச்சம் இருந்தது.

மசகு_மன்னன் (11:26)
பேண்டம் காற்றில் குளிரும் இன்ஜின். ரேடியேட்டரே இல்லாத வண்டியில் கூலன்ட் எங்கிருந்து கலக்கும்? வாட்டர் பம்ப் என்ன, பெட்ரோல் டேங்குக்குள்ளா இருக்கிறது? கார் ஆயில் வேறு! இதைப்பற்றி எத்தனையோ முறை எழுதிவிட்டேன், யாரும் படிப்பதில்லை.

உட்லண்ட்ஸ்_சூப்பர்ஃபோர் (11:31)
வண்டி பெயரே சொல்லாதபோது நான் என்ன ஜோசியமா பார்ப்பது? சரி, கூலன்ட் தப்பு. ஆனால் லாரி சரி.

பாசிர்ரிஸ்_அக்கா (11:38)
தம்பி, தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுகிறீர்கள்? அந்த வெளுப்பு மூடியில் மட்டுமா, ஆயில் அளவு பார்க்கும் குச்சி நுனியிலுமா? ஆயில் குறைகிறதென்று எப்படிப் பார்த்தீர்கள்?

ரெண்டு_ஸ்ட்ரோக் (11:40)
கார் ஆயிலில் என்ன தப்பு? என் தம்பி ஸ்பார்க் பைக்கில் வருடக்கணக்காக ஊற்றுகிறான்.

மசகு_மன்னன் (11:47)
பைக்கில் கிளட்ச் ஆயிலுக்குள்ளேயே நனைந்து கிடக்கிறது. 5டபிள்யூ-30 மாதிரி மெல்லிய கார் ஆயிலில் பெட்ரோலை மிச்சப்படுத்த உராய்வைக் குறைக்கும் மருந்து கலந்திருப்பார்கள். கிளட்ச் வழுக்கும். டப்பாவில் ஜாசோ எம்ஏ என்று பைக் ஆயில் தரக்குறி போட்டிருக்கிறதா பார்த்து வாங்கு. தடித்த 10டபிள்யூ-40 கார் ஆயில் பலவற்றில் அந்த மருந்து இருக்காது, உன் தம்பி அதனால்தான் பிழைத்தான்.

ரெண்டு_ஸ்ட்ரோக் (11:49)
அப்போ ஊற்றலாம் என்கிறீர்கள்.

மசகு_மன்னன் (11:50)
நான் அப்படிச் சொல்லவில்லை!!

ஈசூன்_தம்பி (ஞாயிறு, காலை 9:15)
அக்கா, வீட்டிலிருந்து காத்திப் எம்ஆர்டி ரயில் நிலையம்வரைதான், ஐந்து நிமிடம். குச்சி நுனி பழுப்புதான், வெள்ளை இல்லை. சைடு ஸ்டாண்டில் நிறுத்தித்தான் பார்த்தேன். எப்போதும் குச்சி நுனியில்தான் ஆயில் லேசாக ஒட்டும்.

பாசிர்ரிஸ்_அக்கா (9:40)
அதுதான் விஷயம். பெட்ரோல் எரிந்தால் நீராவியும் உண்டாகும், அதில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும். ஐந்து நிமிடத்தில் இன்ஜின் முழுசாகச் சூடேறாது. ஆவி வெளியேறாமல் மூடியில் வியர்த்து, ஆயிலோடு சேர்ந்து வெளுக்கும். நம் சிங்கப்பூர் ஈரக்காற்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் எக்ஸ்பிரஸ்வேயில் ஓட்டுங்கள், போய்விடும்.

அடுத்தது அளவு. வண்டி இடதுபுறம் சாய்ந்திருக்கிறது, குச்சி வலதுபுறம்தானே? ஆயில் இடதுபக்கம் ஓடிப்போய்க் குறைவாகத்தான் காட்டும். இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, இன்னொரு இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். யாரையாவது வண்டியை நேராகப் பிடிக்கச் சொல்லிவிட்டு, குச்சியைத் திருகாமல் சும்மா வைத்துப் பாருங்கள். குறையாத ஆயிலுக்கு மூன்று வாரம் ஊற்றியிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அதிகமானது பிரீதர் குழாய் (இன்ஜின் உள்காற்றை வெளியேற்றும் குழாய்) வழியாக ஏர் ஃபில்டருக்குப் போய் எரிகிறது. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

உட்லண்ட்ஸ்_சூப்பர்ஃபோர் (10:02)
எல்லை தாண்டி மலேசியாவில், ஜோகூரில் எனக்குத் தெரிந்த பட்டறையில் பாதி விலைக்கு இன்ஜினையே இறக்கிப் பார்ப்பார்கள்.

ரெண்டு_ஸ்ட்ரோக் (10:10)
ஞாயிற்றுக்கிழமை ஜோகூர் பாலத்து நெரிசலில் நிற்கிற நேரத்துக்கு நானே இறக்கிவிடுவேன். 2007 என்பதால் தம்பி பிழைத்தான். 2003 ஜூலைக்கு முன் பதிவான வண்டியை 2028 ஜூன் 30க்குப் பிறகு சாலையில் எடுக்கவே முடியாது. என் ஆர்எக்ஸ்இசட் கதை முடிந்தது.

உட்லண்ட்ஸ்_சூப்பர்ஃபோர் (10:14)
அதுவரை புகைவிட்டுத் தீர்த்துவிடுங்கள் அண்ணே.

ஈசூன்_தம்பி (செவ்வாய், இரவு 8:05)
ஏர் ஃபில்டர் பெட்டியில் ஆயில் குட்டையே இருந்தது. வடித்ததில் அரை லிட்டர் போல அதிகம். பைக் ஆயில் மாற்றியாச்சு, பழையதை ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிட்டேன். புகை நின்றது. காலையில் முதலில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் லேசாக வருகிறது. அக்காவுக்கு நன்றி.

மசகு_மன்னன் (8:11)
ராத்திரி நின்று காலையில் மட்டும் நீலமாக வந்தால் வால்வு சீல் கசிகிறது. ஆக்சிலேட்டரை முறுக்கும்போதும் வந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது. எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது?

மசகு_மன்னன் (வியாழன், இரவு 9:30)
தம்பி?