மறு: ஸ்டென்சில் – துளையச்சா, வெட்டுருவா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஸ்டென்சிலுக்குத் தமிழில் எந்தச் சொல்லை வைப்பது என்று பேசும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டே இருக்கிறேன், இன்றுதான் உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்தது. கையால் ஏடு தைத்து, அதன் பக்கங்களில் அக்ரிலிக், மை, கிழித்த தாள், சாந்து என்று கலந்து வேலை செய்கிற ஆள் நான். ஸ்டென்சில், அதாவது வடிவம் வெட்டிய தகடு, மேலே நிறம் பூசினால் அந்த வடிவம் அடியில் பதியும், என் மேசையில் எப்போதும் கிடக்கும் பொருள். அதனால் அகராதிப் பக்கத்திலிருந்து வராமல் மேசைப் பக்கத்திலிருந்து வருகிறேன், நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

> துளையச்சு என்பதே போதும், எல்லாருக்கும் புரியும்.

அண்ணா, அச்சு என்று சொன்னதும் கை என்ன செய்யப் போகிறது என்று பாருங்கள். மர அச்சோ ரப்பர் அச்சோ, எதுவானாலும் அதன் மேடான முகத்தில் மை ஏறும், தாளில் அமுக்குவோம், எடுப்போம். நிறத்தைக் கொண்டுவந்து வைப்பது அச்சு. ஸ்டென்சிலில் அந்தத் தகடு நிறத்தைத் தடுத்து நிற்கிறது, வெட்டிய இடத்தில் மட்டும் வழி விடுகிறது. நேர் எதிரான வேலை. ஒருமுறை புதிதாகக் கற்க வந்தவர்களிடம் "இந்தத் துளையச்சை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு நான் வண்ணம் கலக்கத் திரும்பினேன். அதற்குள் ஒருவர் தகடு முழுக்க வண்ணம் பூசிக் கவிழ்த்து அமுக்கிவிட்டார். இரண்டு வாரம் தைத்த ஏட்டின் முதல் பக்கம் அது. அவர் மேல் தப்பே இல்லை, சொல் சொன்னதைத்தான் அவர் செய்தார்.

துளை என்பதும் எனக்கு இடிக்கிறது. ஊசி போடுவது துளை, ஆணி போடுவது துளை. உள்ளங்கை அகலத்துக்கு இலை வடிவில் வெட்டி எடுத்த இடத்தைத் துளை என்று யார் சொல்வோம்? அதோடு, கோட்டின் மேல் வரிசையாக ஊசியால் குத்தி, மேலே கரித்தூளைத் தட்டி, சுவரில் புள்ளிகளாக ஓவியத்தை மாற்றும் பழைய முறை ஒன்று இருக்கிறது. சுவரோவியர்கள் செய்தது. துளை என்ற சொல்லை அதற்கு மிச்சம் வைக்க வேண்டும்.

> வார்ப்புரு ஏற்கெனவே இருக்கிறதே?

அது டெம்ப்ளேட்டுக்குப் போய்விட்டது, தமிழ் விக்கிப்பீடியாவில் வேரூன்றியும் விட்டது. அதைத் தொட வேண்டாம்.

> ஊடு + உரு = ஊடுரு. நிறம் ஊடாகப் போகிறது அல்லவா?

அக்கா, இந்தச் சொல்லைப் பார்த்த அன்று எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. வேலையின் தன்மையை இவ்வளவு சரியாகச் சொல்லும் இன்னொரு சொல் இந்த இழையில் இல்லை. ஆனால் வேற்றுமை உருபு போட்டுப் பாருங்கள். ஊடுருவை, ஊடுருவால், ஊடுருவில். "ஊடுருவை வைத்து ஒற்றவும்" என்று எழுதினால், வாசிப்பவர் மனம் ஊடுருவு என்ற வினைக்குப் போய், தடுக்கி, திரும்பி வருகிறது. நானே நாலு வரி எழுதிப் பார்த்தேன், நான்கிலும் தடுக்கியது. செய்முறைக் குறிப்பு எழுதுகிறவருக்கு இது பெரிய தொல்லை. மனசில்லாமல்தான் விடுகிறேன்.

என் வாக்கு வெட்டுருவுக்கு. எழுத்துரு, வார்ப்புரு என்று ஏற்கெனவே புழங்கும் வரிசையில் உட்காருகிறது. வெட்டுருவை, வெட்டுருவால், வெட்டுருவில் என்று உருபு ஏற்கும்போது எங்கும் சிக்கவில்லை. தாள், தகடு என்று பொருளைச் சொல்லாமல் இருப்பதும் நல்லது, ஏனென்றால் பொருள் மாறிக்கொண்டே இருக்கிறது. இன்று பெரும்பாலும் மைலார் என்ற பிளாஸ்டிக் தாள், ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர் தடிமன். மெழுகுத் தாளிலும் வெட்டலாம், அட்டையிலும் வெட்டலாம், பித்தளையிலும் உண்டு. ஜப்பானியர்கள் துணிக்குச் சாயமிடப் பயன்படுத்திய கத்தகாமி, தாள்களைச் சீமைப்பனிச்சைச் சாற்றால் ஒட்டி இறுக்கிச் செய்தது. அவர்கள் அதற்கு வைத்த பெயரைப் பிரித்தால் 'உரு', 'தாள்' என்றுதான் வருகிறது. ஆக உருவைப் பெயரில் வைப்பது நமக்கு மட்டும் தோன்றிய யோசனை இல்லை. ஆங்கிலச் சொல்லோ தீப்பொறியைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது, மினுமினுக்க அலங்கரிப்பது என்ற பொருளில். அதை மொழிபெயர்த்து நமக்கு ஒன்றும் கிடைக்காது. ஸ்டென்சில் என்றே விட்டுவிடலாம் என்றவருக்கும் ஒரு வார்த்தை: சைக்ளோஸ்டைல் என்ற பழைய படியெடுக்கும் இயந்திரக் காலத்து ஆட்களிடம் ஸ்டென்சில் என்றால் தட்டச்சில் 'வெட்டிய' அந்த மெழுகுத் தாள்தான் இன்றும் நினைவுக்கு வருகிறது. வெட்டு என்ற வினை அப்போதே கூட இருந்திருக்கிறது, பாருங்கள்.

வெட்டுருவுக்கு வந்த எதிர்ப்பில் ஒன்று கனமானது. வெட்டி எடுத்த துண்டையும் வெட்டுரு என்று சொல்லலாமே, எது எது என்று எப்படித் தெரியும்? நியாயமான கேள்வி. இலையை வெட்டினால் இரண்டு பொருள் கிடைக்கிறது, இலை வடிவ ஓட்டை உள்ள தகடு ஒன்று, கழன்று விழுந்த இலை ஒன்று. இரண்டையும் நாங்கள் பயன்படுத்துகிறோம். தகட்டை வைத்தால் இலை நிறமாகும். விழுந்த இலையை வைத்தால் சுற்றிலும் நிறமாகி இலை வெறுமையாக நிற்கும். அந்தத் துண்டை 'மறைப்பு' என்று சொல்லிவிடலாம், அதன் வேலையே மறைப்பதுதான். பெயர் இரண்டும் வேறு வேறாக இருந்தால் குழப்பம் தீர்ந்தது. ஆங்கிலத்தில் இந்தக் கோடு அவ்வளவு தெளிவாக இல்லை. இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவுக் குகையில், குறைந்தது 39,900 ஆண்டு பழையது என்று 2014இல் கணக்கிட்டுச் சொன்ன கைத்தடம் இருக்கிறதே, அதைக் கை ஸ்டென்சில் என்கிறார்கள். பாறையில் கையை வைத்து, சுற்றிலும் காவிநிறத்தை ஊதியிருக்கிறார்கள். நம் கணக்கில் அந்தக் கை ஒரு மறைப்பு. இந்த வேறுபாட்டைத் தமிழில் முதலிலேயே சரியாக வைத்துவிட முடியும் என்பதுதான் எனக்குப் பெரிய ஆசை.

கூடவே வரும் சொற்களையும் இப்போதே பேசிவிடுவோம், பிறகு தனித்தனியாக அடித்துக்கொள்ள வேண்டாம். அ, ன, ண மாதிரி சுழியுள்ள எழுத்தை வெட்டினால் சுழிக்குள் இருக்கும் துண்டு கழன்று விழுந்துவிடும். ட, ப இரண்டுக்கும் அந்தக் கவலை இல்லை. விழாமல் பிடிக்க மெல்லிய பட்டை ஒன்றை விட்டு வெட்டுவோம். அதைப் பாலம் என்று ஒருவர் எழுதியிருந்தார், எனக்கு 'நரம்பு' பிடிக்கிறது, இலையை நரம்பு தாங்குவது போலத்தான் தாங்குகிறது. உள்ளே நிற்கும் துண்டு 'திட்டு'. தூரிகையை நட்டுக்குத்தாகப் பிடித்துத் தட்டும் வேலைக்கு 'ஒற்றுதல்' கச்சிதம், இதற்குப் புதுச்சொல்லே தேவையில்லை. நிறம் தண்ணீராக இருந்தால் விளிம்புக்கு அடியில் புகுந்து கோடு கலங்கிவிடும், அது 'ஊறல்'. தூரிகை கிட்டத்தட்ட உலர்ந்திருக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். தைத்த ஏட்டில் ஊறல் இன்னும் அதிகம், நடு மடிப்பருகே தாள் வளைந்து வெட்டுரு தூக்கிக்கொள்ளும். பக்கத்துக்கு அடியில் ஓர் அட்டையைச் செருகிச் சமப்படுத்தினால் ஊறல் பெருமளவு நின்றுவிடும்.

புடைப்பு வருவதற்காக வெட்டுருவின் மேல் தடவி வழிக்கும் கெட்டிப் பொருளைப் பசை என்று எழுத வேண்டாம், ஒட்டுவதற்கு என்று நினைத்துவிடுவார்கள். 'சாந்து' என்போம். கத்தியால் மட்டமாக வழித்தால் தகட்டின் தடிமன் எவ்வளவோ அவ்வளவுதான் புடைப்பு வரும். வேலை முடிந்ததும் உடனே கழுவ வேண்டும், காய்ந்த சாந்து விளிம்பில் உட்கார்ந்தால் அடுத்த முறை கோடு கெட்டுவிடும். வண்ணம் என்றால் அவ்வளவு அவசரம் இல்லை. ஈரத்தோடு வெட்டுருவைக் கவிழ்த்து எதிர்ப்பக்கத்தில் அமுக்கினால் மங்கலாக ஒன்று பதியும், நான் அதை 'மிச்சப்பதிவு' என்கிறேன், பல நேரம் முதல் பதிவைவிட அதுதான் அழகாக இருக்கிறது.

பல பொருள்களைக் கலந்து செய்யும் வேலைக்குச் சொல்லும் 'கலப்பு ஊடகம்' பற்றி இன்னொரு இழை போடலாம். ஊடகம் என்றாலே செய்தி, தொலைக்காட்சி என்று ஆகிவிட்டது, அதை இங்கே இழுத்தால் வெட்டுரு பேச்சு நின்றுவிடும்.

நரம்பா பாலமா, ஊறலா கசிவா, இந்த இரண்டில் மட்டும் எனக்கு இன்னும் உறுதி இல்லை, கையில் வேலை செய்பவர்கள் சொல்லுங்கள். வெட்டுரு, மறைப்பு இரண்டையும் வைத்து அடுத்த வகுப்புக்கான குறிப்பை எழுத ஆரம்பித்துவிட்டேன். முடிந்ததும் இங்கே போடுகிறேன், எந்த வரியில் தடுக்குகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.